பசுவுக்கும் ஊசி போடச் சொன்ன ரோசரி

ரோசரிக்குக் கோபம் வந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடர் தானாகக் குனிந்துகொள்ளும் என்று தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஒரு தீபாவளி மறுநாள், மூடி இல்லாத பதினேழு பாட்டில்கள் வரிசையாக வந்து நின்றபோது அவள் போட்ட சத்தத்தில், மலைக்கோட்டையில் இருந்த குரங்குகள் அத்தனையும் இறங்கி உறையூர்ப் பக்கம் குடிபோய்விட்டன என்றும், அவள் சமாதானமாகி மூன்று நாள் கழித்துத்தான் திரும்பின என்றும் சொல்வார்கள். குரங்குகளின் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். கோபத்தில் மிகை எதுவும் இல்லை.

அவள் பிறந்தது பாலக்கரையில். அப்பா உறையூரில் சுருட்டுச் சுற்றினார். அம்மா அந்தச் சுருட்டுக்குப் புகையிலை பிரித்துக் கொடுத்தாள். தொட்டிலிலேயே புகையிலை நெடியில் தூங்கிய பிள்ளை என்பதால், எந்த நாற்றத்துக்கும் மூக்கைச் சுளிக்காத பெண்ணாக வளர்ந்தாள். இண்டர்மீடியட்டில் ரசாயனத்தில் அவள் வாங்கிய மார்க்கை எடுத்துக்கொண்டு மேற்படிப்புக்கு இடம் கேட்கப் போன அப்பாவிடம், பெண் பிள்ளைக்கு இவ்வளவு ரசாயனம் போதும் என்று ஒருவர் சொல்லி அனுப்பிவிட்டார். யார் அவர், எந்தக் காலேஜ் என்று ரோசரி கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்தப் ‘போதும்’ மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. காபி ஊற்றும்போது யாராவது போதும் என்று கை காட்டினால்கூட ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் டம்ளரை நிமிர்த்துவாள்.

சுதந்திரம் வந்த வருஷம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் திருச்சி ஜனங்களின் மூத்திரம் முழுவதும் உள்ளே வந்தது. மயில்துத்தம், சலவைச் சோடா, சிட்ரேட் உப்பு மூன்றையும் அளந்து கரைத்து, பெனடிக்ட் கரைசல் என்கிற அந்த நீலத் தண்ணீரை அவளே தயாரிப்பாள். ஐந்து மில்லி நீலத்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை இல்லாத உடம்பென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மிஞ்சினால் செங்கல் சிவப்பில் வந்து நிற்கும்.

அந்த ஜன்னல் பலகை சாத்திக்கொள்ளாமல் இருக்க டாக்டர் ஒரு தடித்த புத்தகத்தை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அவர் வைத்தியக் காலேஜில் படித்த காலத்து உயிர் ரசாயனப் புத்தகம். ரோசரி சேர்ந்த முதல் வாரமே அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அதை ஒன்பது தடவை படித்திருந்தாள். புத்தகம் போனது டாக்டருக்குத் தெரியாது. ஜன்னல் சாத்திக்கொள்ளாத வரையில் அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னலில் ஒரு பாட்டில் வந்தது. ‘ரெங்கராஜ், கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்’ என்று அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. கொதிக்கவைத்தாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நில்லாமல் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. கோயில் வாசலில் வீடு, தினம் சர்க்கரைப் பொங்கலும் அக்காரவடிசிலும் வாங்கி வாங்கித் தின்றிருப்பான் என்று மனசுக்குள் வைதுகொண்டே, சீட்டில் ‘சர்க்கரை, மூன்று கூட்டல்’ என்று எழுதி மேலே அனுப்பினாள்.

மறுநாள் காலை அந்த ரெங்கராஜே வந்து நின்றான். இருபத்தேழு வயசு இருக்கும். தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தினமும் வீட்டிலேயே மூத்திரத்தைச் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டு வரும்படி டாக்டர் அனுப்பியிருந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பென்சிலைத் தீட்டிக்கொண்டான்.

ரோசரி அவனை உட்காரவைத்தாள். சொட்டு விடுவது எப்படி, குழாயை எங்கே பிடிக்க வேண்டும், கொதிக்கும்போது வாயை யார் முகத்துக்கும் நேராகக் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். நடுநடுவே வசவும் சேர்ந்து வந்தது. இந்த வயசில் இப்படி ஒரு சிவப்பா, நாக்கைக் கட்ட முடியாதவன் கல்யாணம் ஏன் கட்டினான் என்கிற அளவுக்குப் போய்விட்டது. அவன் வசவையும் சேர்த்து நோட்டில் குறித்துக்கொண்டான். தாலுகா ஆபீஸ் பழக்கம்.

எல்லாம் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இதை நான்தான் தினம் பார்க்கணுமா, இல்லை வீட்டுலயே பார்த்துக்கலாமுங்களா?”

“வீட்டுலதானே பார்க்கச் சொல்றேன்?”

“இல்லீங்க. வீட்டுல.”

“வீட்டுல யாரு?”

“அதாங்க. வீட்டுல.”

ரோசரி குழாயைத் தாங்கியில் வைத்தாள். “தம்பி, பாட்டில்ல உங்க பேருதானே இருக்கு?”

“பொம்பளை பேரை எப்படிங்க பாட்டில்ல எழுதுறது? அதுவும் அந்தப் பாட்டில்ல.”

ஸ்பிரிட் விளக்கு லேசாகக் குனிந்தது. அந்தப் பெண் ஏன் தானே வரவில்லை என்று ரோசரி கேட்டாள். இன்னும் தீட்டுக் கழியவில்லை என்றான் அவன். பிள்ளை பிறந்து இருபத்துநாலு நாள். நாற்பது கழிந்தால்தான் வாசற்படி தாண்டலாம். பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டாள். காது சிவந்துபோய், பிள்ளை குடித்தது போகவும் ரவிக்கை நனைந்துபோகிறது என்று அம்மா சொன்னதாகச் சொன்னான். பிறகு டாக்டரை எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்றாள். எந்நேரமும் தாகம் தாகம் என்று தவிக்கிறாள், அதனால்தான் என்றான்.

“தண்ணி எவ்வளவு குடுக்கறீங்க?”

“காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளருங்க. பிள்ளை பெத்த உடம்புக்குத் தண்ணி ஆகாது, வயிறு பெருத்துடும்னு அம்மா அளந்துதான் குடுக்கறாங்க.”

ஊரெல்லாம் இருந்த பத்தியம்தான் அது. சித்திரை வெயிலில், உடம்பில் ஊறும் ஈரமெல்லாம் பாலாக வடிய, நாளைக்கு இரண்டு டம்ளர். தாகம் எடுக்காவிட்டால்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆனால் ரோசரி அதைப் பற்றிக் கத்தவில்லை. அவள் கண், அவன் கொண்டுவந்திருந்த சீட்டில் தன் கையெழுத்தில் இருந்த மூன்று கூட்டலின் மேல் நின்றுவிட்டது. பால் ஊறும் பெண்ணுக்கு மிஞ்சிய பாலின் சர்க்கரை ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும். அதுவும் நீலத்தைச் சிவப்பாக்கும். அது நோயே இல்லை. புத்தகத்தில் ஒன்பது தடவை படித்த பக்கம்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்று மெதுவாகக் கேட்டாள். ரோசரி மெதுவாகப் பேசினால் தெரிந்தவர்கள் ஓடிவிடுவார்கள். அவனுக்குத் தெரியாது, உட்கார்ந்தே சொன்னான்.

திங்கட்கிழமை முதல் இன்சுலின் ஊசி. பால் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும், பிள்ளைக்கு டின் பால். மாமியார் பவுனம்மாளோ, வியாதியை மறைத்துப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை பெண்ணின் அப்பா தொட்டியத்திலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போகிறார். முதல் ஊசி இங்கே, மிச்சத்தைத் தொட்டியத்துக் கம்பவுண்டர் போடுவார். பேரன் ஸ்ரீரங்கத்திலேயே இருப்பான்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?”

அவன் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, “அமிர்தம்” என்றான்.

ரோசரி மாடியேறிப் போனாள். டாக்டர் கெட்ட மனுஷர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்ப்பவருக்கு எண்பத்தோராவது யோசனைக்கு நேரம் இருக்காது. அவள் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, தாகம் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார். ரத்தத்தைப் பார்த்துவிடலாமே என்றாள். ரத்தச் சர்க்கரையை அளக்கும் கலரிமீட்டரின் பல்பு எரிந்துபோய் மூன்று மாதம் ஆனதை நினைவுபடுத்தினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுங்கள் என்றாள். அப்படி எழுதினால் தனக்கு வைத்தியம் தெரியாது என்று அர்த்தமாகிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“ரோசரி, நீங்க கலரைச் சொல்லுங்க. வியாதியை நான் சொல்றேன். அது போதும்.”

சொல்லியிருக்கக் கூடாத ஒரு சொல் உண்டென்றால் அது அந்தக் கடைசிச் சொல்தான்.

படியிறங்கும்போது அவளுக்கு டாக்டர் மேல் கோபம், பெயரை மறைத்தவன் மேல் கோபம், தண்ணீரை அளந்தவள் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். யாருடைய உடம்பு என்று கேட்காமல் கூட்டல் போட்ட கை இது. இன்னொன்றும் அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையைப் பிரித்தால் பால் வற்றும். பால் வற்றினால் சிவப்பு மறைந்து நீலம் வரும். உடனே ஊசி கேட்டது, வைத்தியம் பலித்தது என்பார்கள். தப்பு தன்னைத்தானே சரியென்று நிரூபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குள் நோயில்லாத உடம்பில் ஏறிய இன்சுலின், ரத்தத்தில் இருக்க வேண்டிய சர்க்கரையையும் துடைத்துவிட்டால் அந்தப் பெண் மயங்கி விழுவாள். எழுந்திருப்பாளா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ரெங்கராஜ் இன்னும் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வருவதாகவும், இரண்டு சுத்தமான பாட்டில்கள் தயாராக இருக்க வேண்டும் என்றும் அவனிடம் சொன்னாள். இரண்டாவது எதற்கு என்று கேட்டான்.

“உங்க பேருல ஒண்ணு வந்துச்சே. இந்தத் தடவை நீங்களே அதை நிரப்புங்க.”

அன்று மதியம் பாலக்கரையில் ஹனீஃபாவின் பேக்கரிக்குப் போனாள். ஹனீஃபாவும் அவளும் ஒரே தெருவில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அவள் கேட்டது ரொட்டியில்லை, ஈஸ்ட். மாவைப் பொங்கவைக்கும் அந்தப் பொருள் உயிருள்ளது, சர்க்கரையைத் தின்று காற்றை விடுவது. எதற்கு என்று கேட்டவரிடம் மூத்திரத்தில் போட என்று உள்ளதைச் சொன்னாள். அவர் சல்லடையைக் கீழே வைத்தார். மதுவிலக்குக் காலம். போன மாதம்தான் ஒரு கான்ஸ்டபிள் மாவுப் பானை நுரைப்பதைப் பார்த்துவிட்டு, என்ன காய்ச்சுகிறாய் என்று அரை நாள் உட்கார்ந்திருந்தாராம்.

“புடிபட்டா என் பேரைச் சொல்லிடாத, ரோசரி. மூத்திரத்துல சாராயம் காய்ச்சுறான்னு கேஸ் எழுதிடுவாங்க. பள்ளிவாசல்ல தலை காட்ட முடியாது.”

சொல்லிக்கொண்டே மெட்ராசிலிருந்து டின்னில் வந்த உலர்ந்த ஈஸ்டை இரண்டு கரண்டி காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துக்கொண்டு, கோபத்தோடு பூசை பார்த்ததற்குத் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று நினைத்தபடி, மெயின்கார்டு கேட்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் சோதனைக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, நீலத் தண்ணீர், குளுக்கோஸ் டப்பா, அசிடிக் அமிலம், ஈஸ்ட். காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள், பிள்ளை தூங்குகிறதா என்று கேட்டாளாம்.

பவுனம்மாள் வாசலிலேயே நின்றாள். ஒல்லியான உடம்பு, கறாரான வாய். அவள் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். அப்படி இல்லை. மருமகளுக்கு இத்தனை நாளும் தன் கையால் மருந்து அரைத்துக் கொடுத்தவள். ஏமாற்றப்பட்டோம் என்று ஒரு தடவை நினைத்துவிட்டாள், அதற்குப் பிறகு நினைப்பை மாற்றிக்கொள்ள வெட்கப்பட்டாள். வீட்டில் தீட்டு இருக்கிறது, உள்ளே வந்தால் உங்களுக்கும் ஒட்டும் என்று எச்சரித்தாள். தன்னிடம் ஏற்கெனவே ஊராரின் மூத்திரமெல்லாம் ஒட்டியிருக்கிறது, இதனால் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது என்று சொல்லிவிட்டு ரோசரி உள்ளே போனாள்.

பின்கட்டு அறையில் அமிர்தம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு. உதடு வெடித்திருந்தது. மூலையில் ஒரு துணி மூட்டை கட்டித் தயாராக இருந்தது. அதன் மேல் ஈரவாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

“அது என்னம்மா?”

“மல்லிப்பூங்கக்கா. அரும்பா வாங்கியாந்திருக்காங்க. நாளைக்கு மார்ல வச்சுக் கட்டினா பால் வத்திடுமாம்.” பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். “கட்டட்டுமா, வேண்டாமாக்கா? நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் இவனை இன்னிக்கு முழுக்கப் பார்த்துக்கணுமா, வழக்கம்போலப் பார்த்துக்கலாமான்னு முடிவு பண்ணணும்.”

ரோசரி அந்தக் கேள்வியையும் கோபமாகவே மாற்றிக்கொண்டாள். முதல் வேலையாக அடுக்களைக்குப் போய் ஒரு பெரிய செம்பு நிறையக் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொண்டுவந்து அமிர்தத்தின் கையில் கொடுத்து, கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தாள். பவுனம்மாள் வாய் திறப்பதற்குள், “வயிறு பெருத்தா என் மேல கேஸ் போடுங்கம்மா” என்றாள்.

கொல்லைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லின் மேல் கடை விரித்தாள். மூன்று கிண்ணம். முதல் கிண்ணத்தில் ரெங்கராஜின் பாட்டில். அது நீலமாகவே இருந்தது, நல்ல உடம்பு. அதில் ஒரு சிட்டிகை குளுக்கோசைக் கரைத்தாள். இதுதான் நிஜ சர்க்கரை வியாதிக்காரனின் மூத்திரத்துக்குச் சமம் என்று சொல்லிவைத்தாள். இரண்டாவது, அமிர்தத்தின் பாட்டில். மூன்றாவதற்குக் கொட்டிலில் இருந்த பசுவின் பால் வேண்டும் என்றாள். பவுனம்மாளே அலுத்துக்கொண்டு கறந்து கொடுத்தாள். ரோசரி நாலு சொட்டு அமிலம் விட்டுப் பாலைத் திரித்து, வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மூன்றிலும் எட்டு எட்டுச் சொட்டு எடுத்து நீலத் தண்ணீரில் கொதிக்கவைத்தாள். மூன்றும் சிவந்தன. பவுனம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, இதைத்தான் டாக்டரும் சொன்னார் என்றாள். பிறகு ரோசரி ஈஸ்டை இரண்டு தடவை கழுவி, கிண்ணம் ஒன்றுக்கு ஒரு பங்கு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த அண்டாவில் மூன்றையும் மிதக்கவிட்டாள். இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ரெங்கராஜிடம் சொல்லிக்கொடுத்தாள், பவுனம்மாள் காதிலும் விழட்டும் என்று உரக்கவே. சர்க்கரை என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பம். குளுக்கோஸ் தனியாள், ஆறு கரியணு உள்ள சின்ன வளையம். அதற்கு ஒரு கை சும்மா இருக்கும். அந்தக் கைதான் நீலத்தில் இருக்கும் தாமிரத்தைப் பிடித்துச் சிவப்பாக்குகிறது. கரும்புச் சர்க்கரையில் இரண்டு பேர். இருக்கிற கை இரண்டையும் கோத்துக்கொண்டு நிற்பதால் நீலத்தைத் தொட மாட்டார்கள். பால் சர்க்கரையிலும் இரண்டு பேர்தான், குளுக்கோசும் காலக்டோசும். ஆனால் அங்கே ஒரு கை சும்மா தொங்கும். அதனால் அதுவும் சிவப்பாக்கும். நீலத் தண்ணீருக்கு யார் கை என்று தெரியாது. ஈஸ்டுக்குத் தெரியும். குளுக்கோசைத் தின்று தீர்த்துவிடும், பால் சர்க்கரையைப் பிரிக்க அதனிடம் சாமர்த்தியம் இல்லை.

அண்டாவில் முதல் கிண்ணம் மட்டும் குமிழ் குமிழாக நுரைத்தது. மற்ற இரண்டும் சும்மா கிடந்தன. ஈஸ்ட் அடியில் படிந்ததும் தெளிவை எடுத்து மறுபடி கொதிக்கவைத்தாள். ரெங்கராஜின் குழாய் நீலமாக நின்றது. அமிர்தத்தினுடையது சிவந்தது.

பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். “பார்த்தீங்களா? எம் மவனோடது தெளிஞ்சுபோச்சு. அவளோடது செவப்பாவே நிக்குது. இப்ப வியாதி யாருக்கும்மா?”

இவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் அப்போதுதான் உடைந்தது. கீழச் சித்திரை வீதியில் அன்று ரோசரியின் குரல் கேட்டு மூன்று வீட்டில் பால் தானாகவே திரிந்துபோயிற்று என்பார்கள். அவள் மூன்றாவது குழாயைக் கொதிக்கவைத்துப் பவுனம்மாளின் மூக்குக்கு நேரே நீட்டினாள். செங்கல் சிவப்பு.

“இதுவும்தான் செவப்பா நிக்குது. இது யாரோடது? நீங்க காலையில கறந்தது. உங்க மருமகளுக்கு நாளைக்கு ஊசின்னா உங்க பசுவுக்கும் ஊசி போடுங்க. அதையும் தொட்டியத்துக்கு ஓட்டிவிடுங்க. கன்னுக்குட்டியை மட்டும் இங்க கட்டிவச்சு டின் பால் ஊத்துங்க. ஒரே சர்க்கரைம்மா. ரெண்டும் பால் குடுக்குது, அதான் நோய். அந்தப் பொண்ணு செஞ்ச குத்தம் உங்க பேரனுக்கு வேணுங்கறதுக்கு மேல பால் சுரந்தது.”

பசு திரும்பிப் பார்த்தது. பவுனம்மாள் பசுவைப் பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள், இரண்டு சிவப்பையும் பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு” என்றாள் கடைசியில். “ஆனா தெருவெல்லாம் சொல்லிட்டேனே. வாய் வார்த்தையா வியாதி இல்லேன்னா சிரிப்பாங்க. டாக்டர் கையெழுத்து வேணும். அது வந்தா அவ இங்க இருப்பா. வராட்டா அவங்கப்பா வந்து நிக்கிறப்போ நான் என்னன்னு சொல்ல?”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, தொட்டியத்து பஸ் வருவதற்கு முன்னால், ரோசரி டாக்டர் அறையில் இருந்தாள். அங்கே இன்சுலின் புட்டியும் ஊசியும் அதைக் கொதிக்கவைத்த தட்டும் தயாராக இருந்தன. அவள் செய்த சோதனையைச் சொல்லத் தொடங்கியதுமே டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. என் நோயாளியின் வீட்டுக்கு உங்களை யார் போகச் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்றாள். ஈஸ்டாம், பசுவாம், இதெல்லாம் எந்த வைத்தியத்தில் இருக்கிறது என்றார்.

ரோசரி பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் போட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அதைப் பார்த்தவர், ஜன்னலுக்கு எது முட்டு என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். அவள் பக்கத்தைத் திருப்பினாள். பால் கொடுக்கும் தாய்மாருக்குச் சிறுநீரில் பால் சர்க்கரை வரும், அதை நீரிழிவு என்று எண்ணிவிடக் கூடாது, ஈஸ்ட் வைத்துப் பிரித்தறிய வேண்டும் என்று மூன்று வரி. அந்த மூன்று வரியின் கீழேயும் பென்சிலால் இரட்டைக் கோடு. ஓரத்தில் இளவயசுக் கையெழுத்தில் ‘பரீட்சைக்கு முக்கியம்’.

“இது யார் கையெழுத்து டாக்டர்?”

அவர் நெடுநேரம் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் தூக்கத்தை விட்டுப் படித்த அந்தப் பையன் அவரைப் பார்த்திருப்பானோ என்னவோ. பிறகு காகிதத்தை எடுத்தார். நீரிழிவு இல்லை, ஊசி வேண்டாம், தாய்ப்பாலைத் தொடரலாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதி, பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தமும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிச் சேர்த்து, கையெழுத்துப் போட்டார். அவளிடம் நீட்டும்போது, இந்த ஒரு வாரத்துக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றார். காகிதம் கைக்கு வந்துவிட்டதால் அவள் அதற்குக் கோபப்படவில்லை. அது ஒன்றுதான் அந்த வாரத்தின் அதிசயம்.

கீழே ஜன்னலோரம் காத்திருந்த ரெங்கராஜ் காகிதத்தோடு ஓடினான். அமிர்தத்தின் அப்பா வாழைத்தாரோடு வந்து வாசலில் நின்றபோது, பவுனம்மாள் அதைத் தெருவுக்கே கேட்கும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படிக்கச் செய்தாளாம். மூட்டை அவிழ்ந்தது. மல்லிகை அரும்புகள் இலைப் பொட்டலத்துக்குள்ளேயே மலர்ந்துவிட்டிருந்தன. பவுனம்மாள் உட்கார்ந்து அதைத் தொடுத்தாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பாதிச் சரத்தை மருமகளின் தலையில் வைத்தாள், மிச்சத்தைப் பசுவின் கொம்பில் சுற்றினாள். பத்து நாள் கழித்து வந்த ரத்தக் கணக்கும் சரியாகவே இருந்தது.

ரோசரி இல்லாத நர்சிங் ஹோம் மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் பாட்டில் வரிசை தெப்பக்குளத்தைச் சுற்றி மெயின்கார்டு கேட் வரைக்கும் நின்றதாகவும், டாக்டரே குதிரை வண்டி பிடித்துப் பாலக்கரைக்குப் போனதாகவும் சொல்வார்கள். வண்டி நிஜம். திரும்பி வந்தவள் முதல் வேலையாக ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை மாட்டினாள். நிரப்பியவரின் பெயர், வயசு, பெண்ணென்றால் பிள்ளை பெற்று எத்தனை நாள், பால் கொடுப்பது உண்டா இல்லையா என்று நான்கும் எழுதாத பாட்டிலைத் தொட மாட்டேன். அன்றிலிருந்து அந்தச் சந்தில் தினமும் ஒரு கூத்து. மீசை வைத்த ஆண்பிள்ளைகளெல்லாம் பெண்டாட்டி பெயரைச் சொல்லக் கூசி, சுவரைப் பார்த்து முணுமுணுத்தார்கள். காதில் விழும்படி சொல்லும் வரை அவள் பாட்டிலை வாங்கவில்லை. இத்தனைக்கும் கோபம் தணிந்ததா என்றால் இல்லை. டாக்டரை ஒரு மாதத்தில் மன்னித்துவிட்டாள். கேட்காமல் கூட்டல் போட்ட தன் கையை மன்னிக்கவில்லை. மூன்று கூட்டல் போட்ட அந்தப் பழைய சீட்டை விளக்குக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தாள்.

மறு வருஷம் ஆடி மாதம் ஜன்னலில் ஒரு பாட்டில் வந்தது. ‘அமிர்தம், வயசு இருபத்துமூன்று, பிள்ளை பெற்றுப் பதினைந்து மாதம், பால் மறந்து ஒரு மாதம்’ என்று எழுதியிருந்தது. கொண்டுவந்தவன் சுவரைப் பார்க்கவில்லை.

“பேரு?” என்றாள் ரோசரி, தெரியாதவள் போல.

“அமிர்தம்” என்றான் ரெங்கராஜ், பின்னால் நின்ற பதினைந்து பேருக்கும் கேட்கும்படி.

எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தாள். நீலம் நீலமாகவே இருந்தது. ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தவளுக்குச் சுருக்கென்று ஏறியது.

“ஏன் தம்பி, இத்தனையும் எழுதினீங்களே, மூடியை எங்க?”